பழைய மோஷன் கன்ட்ரோலர் புதுக் கணினியிடம் வாயே திறக்கவில்லை, எங்கிருந்து தொடங்குவது?

நாலு_அச்சு:

வணக்கம். நான்கு அச்சு சர்வோ மெஷின் ஒன்று என் பொறுப்பில் இருக்கிறது. உள்ளே இருப்பது, மோட்டார்களின் நகர்வை ஆளும் தனி மோஷன் கன்ட்ரோலர், தொண்ணூறுகளின் கடைசியில் வந்தது. பேனலில் ஒரு 9 பின் சீரியல் சாக்கெட், அவ்வளவுதான். இத்தனை வருடம் இதோடு பேசிக்கொண்டிருந்தது ஒரு விண்டோஸ் 98 கணினி. போன வாரம் அதன் மதர்போர்டில் கெப்பாசிட்டர்கள் வீங்கி, கதை முடிந்தது.

மெஷின் ஓடுகிறது. புரோகிராம் கன்ட்ரோலருக்குள்ளேயே இருப்பதால் பவர் போட்டதும் தானாக ஆரம்பித்துவிடும். ஆனால் ஒரு அச்சின் ஹோம் ஆஃப்செட்டை, அதாவது தொடக்கப் புள்ளியின் தள்ளலை, மாற்ற வேண்டும். உள்ளே போக வழியில்லை.

செய்து பார்த்தது: விண்டோஸ் 10 லேப்டாப், யூஎஸ்பி சீரியல் அடாப்டர், கடையில் வாங்கிய நல் மோடம் (கம்பிகளைக் குறுக்கே மாற்றும்) கேபிள், ஒரு டெர்மினல் மென்பொருள். கன்ட்ரோலர் மேல் ஒட்டியிருந்த அழுக்குச் சீட்டில் 9600 என்று மட்டும் எழுதியிருக்கிறது, பாட் ரேட்டாக (தகவல் வேகம்) அதையே வைத்தேன். நான் தட்டுவது திரையில் தெரிகிறது, ஆக இணைப்பு இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். பதில் மட்டும் வரவில்லை. மேனுவல் கிடையாது. பழைய கணினியோடு அதன் கேபிளும் எங்கேயோ போய்விட்டது.

போர்டில் ஒரு ரீசெட் ஜம்பர் தெரிகிறது. போட்டுப் பார்க்கலாமா?

வேகக்கை:

போடுங்க. எனக்கு ஒரு தடவை அப்படித்தான் சரியானது. இல்லன்னா அடாப்டர் டிரைவரை எடுத்துட்டுத் திரும்ப இன்ஸ்டால் பண்ணுங்க.

பேனல்_கிழவர்:

தம்பி, முதலில் அந்த ஜம்பரிலிருந்து கையை எடுங்கள். மேலே சொன்ன நண்பர் தப்பித்திருக்கலாம். பல பழைய கன்ட்ரோலர்களில் மாஸ்டர் ரீசெட் என்றால் கெயின், லிமிட், ஆஃப்செட், புரோகிராம் எல்லாம் துடைத்துப் போய்விடும். இப்போது உங்களிடம் இருப்பது பேசாத, ஆனால் ஓடுகிற மெஷின். ஜம்பரைப் போட்டால் பேசவும் செய்யாது, ஓடவும் செய்யாது. நானே ஒருமுறை செய்திருக்கிறேன். பழுது கேபிளில்தான் இருந்தது, ரீசெட்டுக்குப் பிறகும் அங்கேயேதான் இருந்தது. அச்சுகளின் கெயினை மோட்டார் சத்தத்தைக் கேட்டுக் கேட்டுத் திரும்ப வைக்க மூன்று இரவு போனது.

அடுத்தது, தட்டுவது திரையில் தெரிகிறது என்பதை நம்பாதீர்கள். கேபிளை அடாப்டரிலிருந்து உருவிவிட்டுத் தட்டிப் பாருங்கள். அப்போதும் தெரிந்தால் அது லோக்கல் எக்கோ. உங்கள் டெர்மினலே உங்களுக்குப் படித்துக் காட்டுகிறது. அதை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் இனி செய்யப்போகும் எல்லாச் சோதனையும் பொய் சொல்லும்.

எக்கோவை அணைத்த பிறகு, அடாப்டரின் 9 பின் பிளக்கில் 2ஆம் பின்னையும் 3ஆம் பின்னையும் ஒரு சின்னக் கம்பியால் சேருங்கள். ஃப்ளோ கன்ட்ரோல் (நிறுத்து, அனுப்பு என்று சைகை காட்டும் ஏற்பாடு) எதுவும் வேண்டாம் என்று வையுங்கள். இப்போது தட்டினால் எழுத்து திரும்பி வர வேண்டும், கம்பியை எடுத்ததும் நின்றுபோக வேண்டும். இரண்டும் நடந்தால் லேப்டாப், டிரைவர், அடாப்டர் மூன்றும் நல்லவை. டிரைவரை மாற்றுவதில் இனி நேரம் செலவிட வேண்டாம்.

அப்புறம் மல்டிமீட்டரை எடுங்கள். ஆர்எஸ்-232இல், அதாவது இந்தச் சீரியல் இணைப்பு முறையில், எழுத்து எதுவும் போகாமல் சும்மா இருக்கும்போது அனுப்பும் பின் மைனஸ் வோல்ட்டில் நிற்கும். விதிப்படி மைனஸ் 5 முதல் மைனஸ் 15 வரை. கேட்கும் பின் தானாக எதையும் தராது, பூஜ்யத்தை ஒட்டிக் காட்டும். மேனுவல் இல்லாவிட்டால் என்ன, எந்தப் பின் பேசுகிறது, எந்தப் பின் கேட்கிறது என்று மீட்டரே சொல்லிவிடும். கேபிள் எதுவும் மாட்டாமல், கறுப்பு முனையை 5ஆம் பின்னில் வைத்து, சிவப்பு முனையால் 2, 3, 7, 8 நான்கையும் தொட்டுப் பாருங்கள். முதலில் அடாப்டர் பக்கம், பிறகு கன்ட்ரோலர் பக்கம். எட்டு எண்களையும் இங்கே எழுதுங்கள்.

பின் எண்ணைப் பார்க்கும்போது கவனம். ஆண் பிளக்கும் பெண் சாக்கெட்டும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலமாக இருக்கும். பிளாஸ்டிக்கில் பொடி எழுத்தில் எண் அச்சிட்டிருக்கும், டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியும். கேபினெட்டைத் திறந்து வைத்துத்தான் அளக்க வேண்டும் என்றால், பவரை அணைத்த பிறகும் டிரைவுக்குள் டிசி பஸ் கெப்பாசிட்டரில் கொஞ்ச நேரம் வோல்டேஜ் நிற்கும், கையை அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

கோப்பு_பூச்சி:

இடையில் ஒரு சின்ன விஷயம். பழைய கணினியின் ஹார்ட் டிஸ்கிலிருந்து அந்த மென்பொருளை எடுத்து விண்டோஸ் 10இல் ஓட்ட நினைத்தால், அது 16 பிட் புரோகிராமா என்று பாருங்கள். 64 பிட் விண்டோஸில் 16 பிட் புரோகிராம் ஓடாது. டாஸ் காலத்துப் புரோகிராம்கள் பல சீரியல் போர்ட்டின் 3எஃப்8 முகவரியை நேரடியாகத் தொடும், யூஎஸ்பி அடாப்டரில் அப்படியொரு முகவரியே கிடையாது. ஓடுகிற மென்பொருளாகவே இருந்தாலும் அதன் பட்டியலில் காம் 1 முதல் காம் 4 வரைதான் இருக்கும், உங்கள் அடாப்டர் காம் 11 என்று உட்கார்ந்திருக்கும். டிவைஸ் மேனேஜரில் போர்ட்டின் அட்வான்ஸ்டு பக்கத்தில் எண்ணை மாற்றலாம். "பயன்பாட்டில் உள்ளது" என்று சொன்னால், முன்பு எப்போதோ செருகிய அடாப்டர் அந்த எண்ணைப் பிடித்து வைத்திருக்கும். மறைந்திருக்கும் சாதனங்களைக் காட்டச் சொல்லி அதை நீக்குங்கள்.

நாலு_அச்சு:

ஐயா, கேபிளே இல்லாமலும் எழுத்து வந்தது. லோக்கல் எக்கோதான், இரண்டு நாளாக அதை நம்பிக்கொண்டிருந்தேன். அணைத்துவிட்டேன். 2ஐயும் 3ஐயும் சேர்த்தால் எழுத்து வருகிறது, எடுத்தால் நிற்கிறது.

அளவுகள், எல்லாம் 5ஆம் பின்னை வைத்து.
அடாப்டர்: 2இல் 0, 3இல் மைனஸ் 6.1, 7இல் மைனஸ் 6.0, 8இல் 0.
கன்ட்ரோலர்: 2இல் மைனஸ் 9.2, 3இல் 0, 7இல் 0, 8இல் பிளஸ் 9.1.

பேனல்_கிழவர்:

அழகு. பாதி வேலை முடிந்தது.

லேப்டாப் 3இல் பேசுகிறது. கன்ட்ரோலர் 2இல் பேசுகிறது, மைனஸ் 9.2 என்றால் அதன் டிரைவர் சிப் உயிரோடு இருக்கிறது. ஒருவர் 3இல் பேசி 2இல் கேட்க, மற்றவர் 2இல் பேசி 3இல் கேட்டால், இருவருக்கும் நடுவே தேவை நேர் கேபிள். 2க்கு 2, 3க்கு 3. நீங்கள் மாட்டியதோ நல் மோடம், அது இரண்டையும் குறுக்கே போடும். அதனால் பேசும் கம்பி பேசும் கம்பியோடு மோதியது. கேட்கும் கம்பிகள் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு சும்மா இருந்தன. நல்லவேளையாக ஆர்எஸ்-232 டிரைவர்கள் இந்த மோதலைத் தாங்கும்படி செய்யப்பட்டவை, எதுவும் எரிந்திருக்காது.

கன்ட்ரோலருக்கு நல் மோடம் என்று யாரோ எழுதி வைத்ததைப் பார்த்து எல்லோரும் வாங்குகிறார்கள். சிலதுக்கு அது சரி, சிலதுக்குத் தப்பு. மீட்டரை விட்டால் வேறு யாரையும் இதில் கேட்காதீர்கள்.

நேர் கேபிள் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். 9 கம்பியும் உள்ள கேபிளாக இருக்கட்டும்.

நாலு_அச்சு:

நேர் கேபிள் கையில் இல்லை. 2, 3, 5 மூன்று கம்பி மட்டும் வைத்து நானே சோல்டர் வைத்தேன். இன்னும் ஊமைதான். பவர் போடும்போதுகூட ஒரு எழுத்தும் வரவில்லை.

பேனல்_கிழவர்:

9 கம்பி என்று சொன்னேனே தம்பி. சரி, பரவாயில்லை, இதிலேயே ஒரு பாடம் இருக்கிறது.

கன்ட்ரோலரின் 8ஆம் பின்னில் பிளஸ் 9.1 என்று எழுதியிருந்தீர்கள். அது "நான் தயார், நீ அனுப்பலாம்" என்று லேப்டாப்புக்குக் காட்டும் கை. 7ஆம் பின்னில் 0, ஆக அது கேட்கும் பின். லேப்டாப் "நானும் தயார்" என்று பிளஸ் வோல்ட் காட்டும்வரை இந்த மாதிரி கன்ட்ரோலர்கள் வாயைத் திறக்காது. உங்கள் மூன்று கம்பிக் கேபிளில் 7 அந்தரத்தில் தொங்குகிறது. உள்ளே பெறும் சிப்பில் 3 முதல் 7 கிலோ ஓம் வரை கிரவுண்டுக்கு இருக்கும், அதனால் தொங்கும் பின் "தயார் இல்லை" என்றே படிக்கப்படும். நீங்கள் அனுப்பியது உள்ளே போயிருக்கும். பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு அனுமதிக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது, பாவம்.

கன்ட்ரோலர் பக்கத்துப் பிளக்கில் 7ஐயும் 8ஐயும் ஒரு துண்டுக் கம்பியால் சேருங்கள். அதன் கையை அதுவே பிடித்துக்கொள்ளும். லேப்டாப்பில் ஃப்ளோ கன்ட்ரோல் வேண்டாம் என்றே இருக்கட்டும்.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். இப்படிச் செய்தால் "போதும் நிறுத்து" என்று கன்ட்ரோலர் சொல்வது லேப்டாப்புக்குக் கேட்காது. கட்டளை கையால் தட்டும்போது ஒன்றும் ஆகாது. நீளமான புரோகிராமை ஒரே மூச்சில் அனுப்பினால் உள்ளே இருக்கும் சின்ன பஃபர் நிரம்பி நடுவில் நான்கு வரி காணாமல் போகும், பிழைச் செய்தியும் வராது. அதற்கு முன்னால் 9 கம்பிக் கேபிள் வாங்கி, டெர்மினலில் ஃப்ளோ கன்ட்ரோலை ஆர்டிஎஸ் சிடிஎஸ் (7, 8 பின்கள் வழி) என்று மாற்றிவிடுங்கள்.

நாலு_அச்சு:

பேசிவிட்டது!! ஆனால் கிறுக்கன் மாதிரிப் பேசுகிறது. முதல் அச்சின் இடத்தைக் கேட்டால் வருவது இது:

-±²´50

வரிகளும் இடது ஓரத்துக்குத் திரும்பாமல் படிக்கட்டு மாதிரி கீழே இறங்கிக்கொண்டே போகின்றன.

வேகக்கை:

பாட் ரேட் தப்பு. 19200 வைங்க.

நாலு_அச்சு:

19200, 4800, 38400 மூன்றும் வைத்தேன். முழுக்கக் குப்பையாகிறது. 9600இல் மட்டும்தான் பாதியாவது படிக்க முடிகிறது. அச்சைக் கையால் நகர்த்தி நகர்த்திப் பத்துப் பதினைந்து முறை இடத்தைக் கேட்டுப் பார்த்தேன். விசித்திரம் என்னவென்றால் 0, 3, 5, 6, 9 எப்போதும் சரியாக வருகின்றன. 1, 2, 4, 7, 8 ஒருமுறைகூட வரவில்லை.

பேனல்_கிழவர்:

தம்பி, நீங்கள் கடைசியாக எழுதிய இரண்டு வரிக்காகவே உங்களைப் பாராட்ட வேண்டும். பத்தில் ஒன்பது பேர் "குப்பை வருகிறது" என்பதோடு நிறுத்திவிடுவார்கள்.

பாட் ரேட் சரி. தப்பினால் சிலது எப்போதும் சரியாகவும் சிலது எப்போதும் தவறாகவும் வராது, எல்லாமே சிதறும். உங்களுடையது பாரிட்டி, அதாவது பிழை பார்க்கச் சேர்க்கும் கூடுதல் பிட்.

ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். 3 என்ற எழுத்தின் 7 பிட் குறி 0110011. அதில் எத்தனை 1? நான்கு, இரட்டைப்படை. 1இன் குறி 0110001. மூன்று, ஒற்றைப்படை. இப்படியே பத்து இலக்கத்துக்கும் எண்ணுங்கள். 0, 3, 5, 6, 9 இரட்டை, 1, 2, 4, 7, 8 ஒற்றை. உங்கள் இரண்டு பட்டியலும் அப்படியே விழுகிறதா?

உங்கள் கன்ட்ரோலர் 7 பிட், ஈவன் பாரிட்டி என்று அனுப்புகிறது. ஒற்றையாக இருக்கும் எழுத்துக்கு எட்டாவது பிட்டை 1 ஆக்கி இரட்டையாக்கும். நீங்கள் 8 பிட், பாரிட்டி இல்லை என்று வைத்திருப்பதால் அந்தப் பிட்டையும் எழுத்தின் பாகமாக எடுத்துக்கொள்கிறீர்கள், எண் 128 கூடிவிடுகிறது. 1இன் குறி எண் 49. அதோடு 128 சேர்த்தால் 177, அதுதான் ±. 2க்கு 178, அது ². 4க்கு 180, அந்தச் சாய்ந்த குறி. ஆக உங்கள் அச்சு நிற்கும் இடம் -12450. இரண்டு அமைப்பிலும் ஒரு எழுத்துக்கு மொத்தம் 10 பிட்தான், அதனால் லேப்டாப்புக்குச் சந்தேகமே வராது, பிழை என்று ஒன்றும் சொல்லாது.

படிக்கட்டுக்கும் இதுவே காரணம். ஓரத்துக்குத் திரும்பு என்ற குறியின் எண் 13, அதில் மூன்று 1, ஒற்றை. அது 141 ஆகிக் கெட்டுப்போகிறது. அடுத்த வரிக்கு இறங்கு என்பது 10, அதில் இரண்டு 1, அது பத்திரமாக வந்து சேர்கிறது. இறங்குகிறது, திரும்பவில்லை.

நீங்கள் தப்பான பாரிட்டியில் அனுப்பியும் அது பதில் சொல்கிறது என்றால் உள்ளே வருவதன் பாரிட்டியைக் கண்டுகொள்ளாத தயாள குணம் அதற்கு. எல்லாம் அப்படி இருக்காது, சில கன்ட்ரோலர் எதற்கெடுத்தாலும் ? போட்டுவிட்டுச் சும்மா இருக்கும்.

7 பிட், ஈவன், 1 ஸ்டாப் பிட் (சுருக்கமாக 7ஈ1) என்று மாற்றுங்கள்.

நாலு_அச்சு:

-12450. சுத்தமாக வருகிறது, வரிகளும் ஓரத்திலேயே தொடங்குகின்றன. ஐயா, கும்பிடுகிறேன். கன்ட்ரோலர் மேல் ஒட்டிய சீட்டில் 9600க்குப் பக்கத்தில் ஏதோ மங்கியிருந்தது. இப்போது பார்த்தால் அது 7ஈ1 தான், எண்ணெய்க் கறை என்று நினைத்துவிட்டேன்.

ஆனால் ஒரு புதுத் தொல்லை. சர்வோ ஆன் செய்த நொடியில் லேப்டாப்பில் யூஎஸ்பி கழன்ற சத்தம் கேட்கிறது, போர்ட் காணாமல் போகிறது. ஆஃப் செய்து அடாப்டரை உருவிச் செருகினால் திரும்ப வருகிறது.

பேனல்_கிழவர்:

டிரைவ் பிடபிள்யூஎம் (மோட்டாருக்கு மின்சாரத்தை வேகமாகத் துண்டு துண்டாக விடுவது) தொடங்கியதும் வரும் மின் இரைச்சல். சீரியல் கம்பி ஓரளவு தாங்கும், யூஎஸ்பி தாங்காது.

முதல் சோதனை: லேப்டாப் சார்ஜரைச் சுவரிலிருந்து உருவிவிட்டு, பேட்டரியில் வைத்துச் சர்வோவை ஆன் செய்யுங்கள். தொல்லை போய்விட்டால், சார்ஜரின் எர்த் வழியாகவும் கேபினெட்டின் எர்த் வழியாகவும் கிரவுண்ட் சுற்று ஒன்று உருவாகிறது. அப்போதைக்கு பேட்டரியிலேயே வேலையை முடித்துக்கொள்ளலாம். நிரந்தரமாக மாட்டி வைக்கப் போகிறீர்கள் என்றால் ஆப்டோ ஐசொலேட்டர் (ஒளி வழியே தகவலைக் கடத்தி, மின்தொடர்பைத் துண்டிப்பது) உள்ள சீரியல் அடாப்டர் போடுங்கள், தயங்க வேண்டாம்.

போகாவிட்டால், நீளமான பாகம் யூஎஸ்பியா சீரியலா என்று பாருங்கள். யூஎஸ்பி கையளவாக இருக்கட்டும், தூரத்தைச் சீரியல் கேபிள் கடக்கட்டும். அது மோட்டார் கேபிளோடு ஒரே டக்ட்டில் போகக் கூடாது. ஷீல்டை ஒரு பக்கம் மட்டும், கேபினெட் பக்கம், கட்டுங்கள்.

சர்வோவைத் தொடாமல் கொஞ்ச நேரம் சும்மா இருந்தாலும் போர்ட் தூங்கிவிட்டால் அது வேறு கதை. விண்டோஸின் பவர் அமைப்பில் யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை அணையுங்கள்.

இதையெல்லாம்விட அவசரம் ஒன்று. ஆஃப்செட்டை மாற்றுவதற்கு முன்னால், இப்போதே, சர்வோ ஆஃபில் இருக்கும்போதே, டெர்மினலில் லாக் கோப்பு திறந்து புரோகிராம் முழுவதையும் பட்டியலிடச் சொல்லுங்கள். எல்லா அளவுருக்களையும் கேட்டு வாங்குங்கள். இருமுறை எடுத்து இரண்டையும் ஒப்பிடுங்கள். பிறகு போர்டில் லித்தியம் பேட்டரி இருக்கிறதா பாருங்கள். அந்தக் காலத்துப் போர்டுகள் பலவற்றில் நினைவகம் பேட்டரியை நம்பித்தான் இருக்கும். மெஷினுக்குப் பவர் இருக்கும்வரை செத்த பேட்டரி வெளியே தெரியாது. ஒரு நீண்ட விடுமுறைக்கு மெயினை அணைத்துவிட்டுப் போய்த் திரும்பினால் உள்ளே வெறும் பலகை இருக்கும்.

நாலு_அச்சு:

சார்ஜரை உருவியதும் யூஎஸ்பி பிரச்சினை நின்றுவிட்டது. ஐசொலேட்டர் அடாப்டருக்குச் சொல்லியிருக்கிறேன்.

புரோகிராம் 412 வரி. இருமுறை எடுத்தேன். முதல் தடவைக்கும் இரண்டாம் தடவைக்கும் ஒரு வரி வித்தியாசம் வந்து பயந்துபோனேன், பார்த்தால் நடுவில் நான் தவறித் தட்டிய என்டர். மூன்றாவதும் எடுத்து ஒப்பிட்டுவிட்டேன். பேட்டரி 3.6 வோல்ட் என்று எழுதியிருக்கிறது, மீட்டரில் 2.9. பவர் போட்டபடியேதான் மாற்ற வேண்டும் என்று நினைக்கிறேன், சரிதானே?

பேனல்_கிழவர்:

சரி. பவர் ஆனில், சர்வோ ஆஃபில், எமர்ஜென்சி அழுத்தி வைத்து. சோல்டர் வைத்த பேட்டரி என்றால் அவசரப்பட வேண்டாம். கையில் மூன்று பிரதி இருக்கும்போது பவரை அணைத்தே நிதானமாக மாற்றி, புரோகிராமைத் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். அதற்குள் 9 கம்பிக் கேபிள் வந்திருக்க வேண்டும்.

நாலு_அச்சு:

வந்துவிட்டது. பேட்டரி ஹோல்டரில் இருந்ததால் பவர் ஆனிலேயே மாற்றிவிட்டேன், எதுவும் அழியவில்லை. ஆஃப்செட்டும் மாற்றியாயிற்று.

இன்னொன்று. தொலைந்துபோன பழைய கேபிள் இன்று கிடைத்தது. ஸ்டோரில் ஏர் ஹோஸ் சுருளைக் கட்டிவைக்க அதைக் கயிறாக்கியிருந்தார்கள். ஆவல் தாங்காமல் பிளக்கின் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். 2, 3, 5 மூன்று கம்பி நேராக, 7க்கும் 8க்கும் நடுவில் ஒரு ரெசிஸ்டரின் வெட்டிப்போட்ட காலைச் சோல்டர் வைத்திருக்கிறார் யாரோ.